மொத்தப் பணமும் மாத வரவும்

முதலீடு, வட்டி, வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியம் என்று வங்கிகளிலும் விண்ணப்பப் படிவங்களிலும் புழங்குகின்ற சொற்களைச் சாமானிய வாசகர்களுக்கு விளக்கி எழுதவேண்டும் என்று ஆசிரியர் குழு பணித்தபோது, அவற்றை அகராதி முறையில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பொருள் கூறுவதால் எவருக்கும் பெரும் பிரயோஜனம் விளையாது என்றே எனக்குத் தோன்றியது. ஒரு சொல்லின் பொருள் தெரியாமையால் எந்த ஊரில், எந்தக் குடும்பத்துக்கு, எவ்வளவு நஷ்டம் நேர்ந்தது என்று கண்டால்தான் அது மனத்தில் நிற்கும். அப்படிக் காண்பதற்குப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைவிடப் பொருத்தமான பிரதேசம் தமிழ்நாட்டில் வேறு உண்டா என்பது சந்தேகமே. ஏனெனில், கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் இங்குள்ள எளிய குடும்பங்களின் கைக்குப் பெரும் பணம் வந்து சேர்ந்த வழிகள் பெரும்பாலும் ஒரே தன்மையுடையனவாக இருந்திருக்கின்றன: நிலம் விற்றதாயினும், ஆலை வேலையை விட்டதாயினும், அரபு நாட்டிலிருந்து திரும்பியதாயினும், பணம் மாதந்தோறும் வரவில்லை, ஒரே நாளில் ஒரே தொகையாக வந்தது.

நிலத்திலிருந்தே தொடங்குவோம். பெரம்பலூர் 1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தது. எல்லைக் கோடுகள் இவ்வாறு மாறிக்கொண்டிருந்த காலத்திலும் மாறாதிருந்தது, பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கிடந்த கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லை நாடி அரசுத் துறையிலும் தனியார் துறையிலுமாகச் சிமெண்ட் ஆலைகள் எழுந்தன. ஆலைகளுக்காகச் சுரங்கங்கள் தோண்டப்பட்டன. சுரங்கங்களுக்காக நிலங்கள் கைமாறின. ஜெயங்கொண்டம் வட்டாரத்திலோ, பழுப்பு நிலக்கரியை எடுத்து மின்சாரம் உற்பத்தி செய்யும் திட்டத்துக்கென 1990-களில் கிராமம் கிராமமாக நிலம் எடுக்கப்பட்டு, நஷ்டஈட்டுத் தொகை போதாதென்று வழக்குகள் நடந்து, ஒரு தலைமுறையே காத்திருந்து ஓய்ந்தபின், திட்டம் வாராமலே போயிற்று.

அந்த நிலங்களில் மானாவாரியாகக் கடலையும் சோளமும் எள்ளும் விளைந்தன. முந்திரித் தோப்புகள் இருந்தன. விளைச்சல் பெரிதென்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அது ஆண்டுதோறும் வந்தது. தகப்பன் காலத்திலும் வந்தது, மகன் காலத்திலும் வந்தது. நிலத்துக்கு ஈடாகக் கிடைத்த பணத்தில் ஒரு மாடி வீடு எழுந்தது, ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது, பழைய லாரி ஒன்று வாங்கப்பட்டது, மீதி பங்காளிகளுக்குள் பிரிந்தது. இவற்றில் எதையும் வீண் செலவென்று நான் இகழமாட்டேன். ஆயினும் அந்தக் குடும்பத்தின் முதியவருக்கு அடுத்த ஆண்டு தை மாதத்தில் எங்கிருந்து வரவு வரும் என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் விடை இல்லை. ஆண்டு வரவைத் தந்துகொண்டிருந்த ஆஸ்தி, ஒருமுறை வரவாக மாறிவிட்டது. நிதித் துறையார் எத்தனை சொற்களை உபயோகித்தாலும், ஓய்வுக்காலத்தைப் பற்றிய மட்டில் பிரதானமான பேதம் இதுதான்: கையிலிருக்கும் மொத்தத் தொகை வேறு, ஆயுள் உள்ளமட்டும் வரும் வருமானம் வேறு.

இந்தப் பேதத்தை நம் முன்னோர் அறியாதவர்களல்லர். இதே அரியலூர் மாவட்டத்துப் பழுவூர்க் கோயில்களிலும், சோழ நாடெங்கும் உள்ள கோயில்களிலும் காணப்படுகின்ற கல்வெட்டுகளைப் பார்த்தால், நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, ஒன்று எரிப்பதற்கு 90 அல்லது 96 ஆடுகளைக் கொடையாக அளிக்கும் வழக்கம் இருந்தது தெரியவரும். மந்தையை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும்; சாகும் ஆடுகளுக்கும் மூப்பெய்தும் ஆடுகளுக்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் காக்கவேண்டும். ஆகையால்தான் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று சாசனங்கள் குறித்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் காசுகள் ஊர்ச் சபைகளிடம் ஒப்படைக்கப்பட்டபோதும், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம் வட்டி மட்டுமே கோயிலின் செலவுக்கு வந்தது, முதல் தொடப்படவில்லை. விளக்கு எரியவேண்டியது ஒரு நாளைக்கன்று என்று தெரிந்தவர்கள், மந்தையை விற்று எண்ணெய் வாங்கி ஊற்றவில்லை.

இனி ஆலைக்கு வருவோம். இந்தக் கட்டுரையின் கவலை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

பி.எஃப். என்று எல்லாரும் சொல்கின்ற பிடித்தம் ஒரே உண்டியலில் விழுவதாகவே பெரும்பாலான தொழிலாளர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் உண்டியல்கள் இரண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் பெறும் ஒருவரிடம் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் 1,800 ரூபாய் செலுத்துகிறார். தொழிலாளியின் பணம் முழுவதும் வைப்பு நிதியில் சேரும். முதலாளி செலுத்தும் பங்கிலோ 8.33 சதவீதம், அதாவது 1,250 ரூபாய், 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். மீதமுள்ள 550 ரூபாய்தான் வைப்பு நிதிக்கு வரும். வைப்பு நிதியில் உள்ளது வட்டியோடு வளர்கின்ற தொகை. பாஸ்புத்தகத்தில் கண்ணுக்குத் தெரியும். ஓய்வூதிய உண்டியலில் உள்ளது வட்டியோடு வளரும் தொகையன்று. அது ஓர் உரிமை. 10 ஆண்டுச் சேவை நிறைந்தவருக்கு 58 வயது முதல் ஆயுள் முடியும்வரை மாதந்தோறும் பணம் வரும். அவருக்குப்பின் மனைவிக்கு அதில் பாதி வரும். வேலையில் இருக்கும்போதே ஒருவர் காலமானால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு.

அந்த 10 ஆண்டு என்பது ஒரே ஆலையில், ஒரே ஒப்பந்தக்காரரிடத்தில் கழியவேண்டியதில்லை. எத்தனை இடம் மாறினாலும் சேவைக்காலம் கூட்டப்படும். ஒன்பதரை ஆண்டு ஆகியிருந்தாலும் பத்தாகவே கணக்கிடப்படும். இதைத்தான் அரியலூர்ப் பக்கத்து ஒப்பந்தத் தொழிலாளர்களில் அநேகர் அறியவில்லை. ஆலையின் மூட்டைப் பிரிவில் வேலை செய்யும் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். “மூணு காண்ட்ராக்ட் மாறிட்டேன் சார். மாறுறப்பெல்லாம் பிரௌசிங் சென்டர்ல குடுத்துப் பத்தொன்பதும் பத்து-சியும் சேத்துப் போட்டு எடுத்தாச்சு. எல்லாம் சேத்து பதினோரு வருசம் ஆவுது” என்றார். ஓய்வூதியத்தைப் பற்றிக் கேட்டேன். “பென்சன் எல்லாம் பெர்மனென்ட் ஆளுங்களுக்குத்தானே சார்?” என்றார். “உங்களுக்கும் உண்டு தம்பி, நீங்கள் எடுத்த பணத்தில் ஒரு பாகம் அதுதான்” என்று நான் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப அதையும் நானே எடுத்துட்டனா?” என்று கேட்டார்.

பத்தொன்பதாம் படிவம் வைப்பு நிதியை எடுப்பதற்கு. பத்து-சி படிவம் ஓய்வூதிய உண்டியலைக் காலி செய்வதற்கு. இரண்டாவதைப் போட்டுப் பணம் பெற்றுவிட்டால் அதுவரை செய்த சேவை ஓய்வூதியக் கணக்கிலிருந்து அழிந்துபோகும். அடுத்த வேலையில் முதல் நாளிலிருந்து எண்ணவேண்டும். அவர் இழந்தது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாத ஓய்வூதியம் வரும். 15,000 ரூபாயை 11-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 2,357 ரூபாய். மூன்று தவணையாக அவர் எடுத்ததோ, ஓர் ஆண்டுச் சேவைக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் என்ற வீதத்தில், மிஞ்சினால் 1,65,000 ரூபாய் இருக்கும். ஓய்வூதியமாகப் பெற்றிருந்தால் 70 மாதங்களில், அதாவது 64 வயது நிறைவதற்குள், அந்தத் தொகை முழுதும் வந்து சேர்ந்திருக்கும். அதன்பின் அவர் வாழும் ஒவ்வொரு மாதமும், அவருக்குப்பின் அவருடைய மனைவி வாழும் ஒவ்வொரு மாதமும் வருவதெல்லாம் மேல்வரவு. காய்க்கின்ற முந்திரித் தோப்பை விறகு விலைக்கு வெட்டி விற்பதற்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை.

இது சொற்பத் தொகையல்லவா, 2,357 ரூபாயில் இந்தக் காலத்தில் என்ன வாங்கமுடியும், கடன்காரன் வாசலில் நிற்கும்போது 58 வயதைப் பற்றி எவன் நினைப்பான் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அபிப்பிராயத்திலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் முதுமையில் மருந்துக்கும் வெற்றிலைக்கும் மகனிடம் கையேந்தாமல் இருக்கும் ஒரு கிழவனுக்கு, ஒவ்வொரு மாதமும் தன் பெயரில் வருகின்ற இரண்டாயிரம் ரூபாயின் மதிப்பு என்னவென்பதை, முதியோர் உதவித்தொகைக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நடக்கும் எவரை வேண்டுமானாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பெரம்பலூர்ப் பக்கம் எறையூரில் அண்மையில் காலணித் தொழிற்சாலை வந்திருக்கிறது. சோளக்காட்டுக்கும் பருத்திக்காட்டுக்கும் கூலிக்குப் போன குடும்பங்களின் பெண்கள் முதல்முறையாக மாதச் சம்பளமும் யு.ஏ.என். என்ற பன்னிரண்டு இலக்க வைப்பு நிதி எண்ணும் பெறுகிறார்கள். இதைப்போல் மனத்துக்குச் சந்தோஷம் தரும் காட்சி அந்த மாவட்டத்தில் வேறில்லை. ஆனால் மூன்று, நான்கு ஆண்டுகளில் கல்யாணம் நிச்சயமாகும், வேலையை விடுவார்கள், பணத்தை எடுப்பார்கள். கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண் காத்திராமல் உடனே பணத்தை எடுக்கலாம் என்று விதியே நெடுங்காலம் சலுகை தந்து வந்தது. கல்யாணத்துக்குப்பின் கணவன் ஊரிலே, திருப்பூரிலோ சென்னையிலோ ஓசூரிலோ, அந்தப் பெண் மறுபடி வேலைக்குப் போவாள். அப்போது அவளுடைய பழைய நான்கு ஆண்டுகள் எங்கே? வைப்பு நிதியை அவசியத்துக்கு எடுத்துக்கொண்டாலும், ஓய்வூதியச் சேவையை மட்டும் தொடாமல் வைத்தாளானால், இன்னும் ஆறு ஆண்டு வேலையில் அவளுக்கு ஆயுள் உரிமை ஸ்திரமாகிவிடும். பெண்கள் ஆண்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள்; ஆகவே அதிக காலம் அந்த உரிமை அவர்களுக்குப் பயன்படும்.

வைப்பு நிதியைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேனே தவிர, எடுக்கவேண்டும் என்று சொல்லவில்லை. கூட்டு வட்டி என்பதைப் பள்ளிக்கூடத்தில் சூத்திரமாகப் படித்தோம். 2024-25-ஆம் ஆண்டுக்கு வைப்பு நிதிக்கு அளிக்கப்பட்ட வட்டி 8.25 சதவீதம். அந்த விகிதம் மாறாதிருப்பதாகக் கொண்டால், 28 வயதில் தொடாமல் விட்ட ஒரு லட்சம் ரூபாய் 58 வயதில் ஏறத்தாழ 10 லட்சத்து 78 ஆயிரமாக இருக்கும். அந்த வளர்ச்சியில் பெரும் பகுதி கடைசிப் பத்து ஆண்டுகளில் நிகழ்வது. நடுவில் எடுத்தவர்கள் அதைக் காண்பதில்லை.

லப்பைக்குடிகாடு, வி.களத்தூர் முதலிய ஊர்களுக்குப் போனால் நிலைமை இன்னொரு விதமாக இருக்கிறது. அங்கே குடும்பத்துக்கு ஒருவராவது வளைகுடா நாட்டில் இருப்பார்கள், அல்லது இருந்து திரும்பியிருப்பார்கள். அமீரகத்துச் சட்டப்படி, வேலை முடிந்து திரும்புகிறவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்குமேல் ஆண்டொன்றுக்கு 30 நாள் சம்பளமும் பணிக்கொடையாக வரும். 1,000 திர்ஹாம் அடிப்படைச் சம்பளத்தில் 12 ஆண்டு உழைத்தவருக்கு 315 நாள் சம்பளம், அதாவது 10,500 திர்ஹாம். நம் நாணயத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் ரூபாய். பன்னிரண்டு கோடைகாலம் அந்த வெயிலில் உழைத்ததற்கு அதோடு சரி. அந்த நாடும் ஓய்வூதியம் தராது, இந்த நாட்டிலும் அவர் பெயரில் எந்தச் சேவையும் இல்லை. 2012-இல் மத்திய அரசு இத்தகைய தொழிலாளர்களுக்கென ஓர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கிச் சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் வெளிநாடு வாழ் இந்தியரும் சேரலாம் என்பது இந்த ஊர்களில் எத்தனை வீடுகளில் தெரியும்? அனுப்பிய பணமெல்லாம் வீடாக நிற்கிறது. வீடு நல்லதுதான், ஆனால் ஆள் குடியிருக்கும் வீடு வாடகை தருவதில்லை.

தமிழக அரசு ஊழியர்களின் பங்களிப்பு ஓய்வூதியத்தைப் பற்றி இங்கே நான் விஸ்தரிக்கவில்லை. 2003 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்துக்காகப் பல ஆண்டுகளாகப் போராடி வந்ததும், அவர்களுக்காக எழுதுவோர் பலர் இருப்பதும் வாசகர்கள் அறிந்ததே. பரஸ்பர நிதி, அதில் மாதந்தோறும் போடும் எஸ்.ஐ.பி. ஆகியவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை போதும்: மாதா மாதம் போடுவதை மட்டும் விளம்பரங்கள் சொல்கின்றன, சந்தை இறங்கிய ஆண்டில் ஓய்வுபெற நேர்ந்தால் மாதா மாதம் எடுப்பது எப்படி என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளவேண்டும்.

ஆனால் பணவீக்கம் என்ற சொல்லைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. 2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 வயது இளைஞர் மாதம் 210 ரூபாய் கட்டிவந்தால் 60 வயது முதல் மாதம் 5,000 ரூபாய் கிடைக்கும். நல்ல திட்டம், கூலி வேலை செய்பவர்களும் சேரத்தக்கது. எனினும் அந்த 5,000 ரூபாய் விலைவாசியோடு உயர்வதில்லை. ஆண்டுக்கு 5 சதவீதம் விலை ஏறுவதாக வைத்துக்கொண்டால், 42 ஆண்டுகளுக்குப்பின் வரும் 5,000 ரூபாய் இன்றைய 650 ரூபாய்க்குக்கூடச் சமமாகாது. ஆகவே அந்த ஒன்றோடு நின்றுவிடலாகாது. அதை அடித்தளமாகக் கொண்டு, சம்பாத்தியம் கூடக் கூட மேலும் சேர்த்துவர வேண்டும்.

மொத்தப் பணம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டவர்கள் என்ன செய்வது? அதை மாத வரவாக மாற்றுவதற்குப் பெயர்தான் ஆண்டுத்தொகை என்பது. காப்பீட்டு நிறுவனத்திடம் தொகையை ஒப்படைத்தால் ஆயுள்வரை வருமானம் வரும். ஆனால் கொடுத்த முதல் திரும்ப வருமா, மனைவிக்குத் தொடருமா என்று எழுத்திலே கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கையொப்பமிட வேண்டும். 60 வயது கடந்தவர்களுக்கு அஞ்சலகத்து மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023-இல் அதன் உச்சவரம்பு 30 லட்சமாகவும் வட்டி 8.2 சதவீதமாகவும் உயர்ந்தன. அந்த விகிதத்தில் 10 லட்சம் ரூபாய் போட்டவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும். ஐந்து ஆண்டு கழித்து முதல் அப்படியே இருக்கும்.

இந்த அஞ்சலக வட்டியைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. நம் ஊர்களில் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் மாதத்துக்கு இரண்டு, ஆண்டுக்கு 24 சதவீதம். அந்தப் பேச்சிலே பழகிய காதுக்கு எட்டு சதவீதம் அற்பமாகப் படுகிறது. இந்தக் காதைக் குறிவைத்துத்தான், ஒரு லட்சம் போட்டால் மாதம் பத்தாயிரம் என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். அது ஆண்டுக்கு 120 சதவீதம். எந்த ஆலையும், எந்தச் சுரங்கமும், எந்தக் காடும் அவ்வளவு லாபம் தருவதில்லை. பின்னால் சேர்ந்தவரின் பணம் முன்னால் சேர்ந்தவருக்கு வட்டியாக வருகிறது, ஆள் சேருவது நின்ற மாதம் எல்லாம் நின்றுவிடுகிறது. 2012-இல் கொங்கு நாட்டில் ஈமு கோழி வளர்ப்பின் பெயரால் இது நடந்ததை அறிவோம். முதலீட்டாளர்களைக் காப்பதற்கு 1997-இல் தமிழக அரசு ஒரு சட்டமும், ஒழுங்குமுறைக்குட்படாத வைப்புத் திட்டங்களைத் தடுக்க 2019-இல் மத்திய அரசு ஒரு சட்டமும் இயற்றியிருக்கின்றன. ஆனால் பணம் போனபின் வருகிற சட்டம், போன பணத்தின் ஒரு பகுதியைப் பல ஆண்டு கழித்துத் தேடித்தர முயலலாமே தவிர, 62 வயதுக்காரருக்கு அந்த ஆண்டுகளைத் திருப்பித் தராது. ஓய்வுபெற்ற மாதத்தில் கையில் மொத்தமாகப் பணம் வைத்திருக்கும் மனிதரைத் தேடி இவர்கள் வருவார்கள் என்பதை மட்டும் மறவாதிருத்தல் க்ஷேமம்.

ஆலையிலும் காலணித் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் ஒப்பந்தத்தில் உழைக்கும் சகோதர சகோதரிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்தமுறை வேலை மாறும்போது, பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து இரண்டு படிவத்தையும் சேர்த்துப் போடச் சொல்லாதீர்கள். உடனே வேறு வேலையில் சேர்வதானால், பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். வேலை கிடைக்கத் தாமதமாகும் என்றால், 10 ஆண்டு நிறையாதவர்களும் ஓய்வூதியப் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்டுப் பெறலாம். செய்த சேவை அழியாமல் அதிலே பதிவாகி நிற்கும், அடுத்த வேலையில் அதைக் கொடுத்தால் ஆண்டுகள் சேர்ந்துகொள்ளும். அதற்கு வேறு விண்ணப்பம் தேவையில்லை; அதே பத்து-சி படிவத்தில்தான் அதையும் கேட்கவேண்டும்.